மாணவர் தற்கொலையை ஆய்வு செய்யக் கிளம்புகிறவர்களுக்கு

சென்ற மாதம் எங்கள் சமூகப்பணித் துறையில் புதிதாகச் சேர்ந்த ஒரு தங்கை தொலைபேசியில் அழைத்தாள். நான் செய்த அதே தலைப்பில், பல்கலைக்கழக மாணவர்களின் தற்கொலை பற்றி, முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்யப் போவதாகச் சொன்னாள். "உங்கள் வினாப்பட்டியலை மட்டும் அனுப்பி வையுங்கள் அக்கா, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றாள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 2021-இல் நானும் இதையேதான் நினைத்தேன். நல்ல வினாப்பட்டியல் கையில் இருந்தால் போதும், மற்றது தானாக நடக்கும் என்று. அந்த நினைப்புக்கு நான் கொடுத்தது நான்கு ஆண்டுகள், கைக்காசு ஏறக்குறைய 86,000 ரூபாய், இடையில் புத்தகத்தைத் தொடவே முடியாமல் போன இரண்டு மாதங்கள். அவளுக்கு வினாப்பட்டியலை இன்னும் அனுப்பவில்லை. அதற்கு முன் அவள் படிக்க வேண்டும் என்று எழுதியது இது.

முதல் மூன்று மாதங்கள் எண்களைத் தேடுவதில் போயின. ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் எத்தனை மாணவர்கள் இறந்திருக்கிறார்கள் என்று எங்காவது ஒரு பட்டியல் இருக்கும் என்று நம்பினேன். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கையில், 2021-இல் தற்கொலையால் இறந்த மாணவர்கள் 13,089 பேர், 2022-இல் 13,044 பேர் என்று இருக்கிறது. ஆனால் அந்த 'மாணவர்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் பள்ளிப் பிள்ளையும் இருக்கிறது, கல்லூரிப் பிள்ளையும் இருக்கிறது, ஆராய்ச்சி மாணவரும் இருக்கிறார். கல்லூரிவாரியாக அதைப் பிரிக்க முடியாது. அந்த எண்களும் காவல் நிலையத்தில் எழுதப்படுவதிலிருந்து வருகின்றன. நம் ஊர்ச் செய்தித்தாள்களில் 'தீராத வயிற்றுவலி' என்ற சொற்களை எத்தனை முறை படித்திருக்கிறோம்! குடும்பத்தின் மானத்தைக் காப்பாற்றவும், மேற்கொண்டு விசாரணை வராமல் தடுக்கவும் சொல்லப்படும் காரணம் அது. அந்தக் காரணத்தோடு ஒரு மரணம் பதிவானால் தேர்வும் விடுதியும் உதவித்தொகையும் கணக்கிலிருந்து மறைந்துவிடுகின்றன.

பிறகு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன். பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்பு ஒட்டி, பதிவுத் தபாலில் பல பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்தேன். சில இடங்களிலிருந்து பதிலே இல்லை. சில இடங்களிலிருந்து 'அத்தகைய பதிவேடு பராமரிக்கப்படவில்லை' என்று ஒரு வரி வந்தது. ஓரிடத்தில் அச்சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவைக் காட்டி, தனிநபர் தகவல் என்று மறுத்தார்கள். தவறு என்னிடமும் இருந்தது. இறந்தவர்களின் துறை, ஆண்டு, காரணம் எல்லாவற்றையும் ஒரே விண்ணப்பத்தில் கேட்டிருந்தேன். மொத்த எண்ணிக்கையை மட்டும், ஆண்டுவாரியாக, பெயரோ துறையோ இல்லாமல் கேட்டிருந்தால் அந்த மறுப்புக்கு இடம் குறைந்திருக்கும். மேல்முறையீடு செய்ய முப்பது நாள் உண்டு என்பதையும் நான் கவனிக்காமல் விட்டேன். நீங்கள் விட்டுவிடாதீர்கள். அதைவிட முக்கியம், உங்கள் ஆய்வே எண்ணிக்கையை நம்பி நிற்கும்படி வடிவமைக்காதீர்கள். எண் கிடைக்காவிட்டாலும் நிற்கிற கேள்வியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது அனுமதி. பதினான்கு மாதங்கள். ஒரு பதிவாளர் என் கடிதத்தின் தலைப்பைப் படித்துவிட்டு, "எங்கள் வளாகத்தில் அப்படி எதுவும் கிடையாதே அம்மா" என்றார். அவர் மேஜைக்குப் பின்னால் இருந்த ஜன்னலிலிருந்து பார்த்தால், அதற்கு முந்தைய ஆண்டு ஒரு மாணவரை இழந்த விடுதி தெரியும். அவருக்கும் அது தெரியும், எனக்கும் தெரியும். இன்னொரு கல்லூரியில், தரச்சான்று தரும் நாக் (NAAC) குழு வரப்போகிறது, அதற்குப் பிறகு பார்க்கலாம் என்றார்கள். குழு வந்து போயிற்று, முதல்வர் மாறினார், கோப்பு காணாமல் போயிற்று. ஒரு விடுதிக் காப்பாளர் மட்டும் உண்மையான அச்சத்தோடு கேட்டார்: "இதையெல்லாம் கேட்டு இல்லாத நினைப்பைப் பிள்ளைகளுக்கு உண்டாக்கிவிட்டால்?" அந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். அதற்குப் பதில் இருக்கிறது. நியூயார்க் மாநிலத்தின் ஆறு உயர்நிலைப் பள்ளிகளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களிடம் நடத்தி 2005-இல் வெளியான ஆய்வு, தற்கொலை எண்ணம் பற்றிக் கேட்பது அந்த எண்ணத்தையோ மன உளைச்சலையோ கூட்டவில்லை என்று காட்டியது. இதை ஒரு பக்கத்தில் தமிழில் எழுதிக் கையோடு கொண்டு போங்கள். நான் வாயால் விளக்கினேன், யாரும் நம்பவில்லை. எழுதிக் கொடுத்த பிறகு அதே காப்பாளர் படித்துவிட்டுக் கையெழுத்திட்டார்.

கடிதத்தின் தலைப்பை 'மாணவர் மனநலன்' என்று மாற்றிக்கொள்ளும்படி பலர் சொன்னார்கள். ஒரு முறை மாற்றினேன். அனுமதி பத்தே நாளில் வந்தது. உள்ளே வினாப்பட்டியலைப் பார்த்ததும் ஏமாற்றிவிட்டதாகச் சொல்லி அதை ரத்து செய்தார்கள். அந்தக் கல்லூரிக்குள் இனி நான் மட்டுமல்ல, எங்கள் துறையே போக முடியாது. மறைத்து உள்ளே போகாதீர்கள். இன்றைக்கு உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், உயர்கல்வி நிறுவனங்களில் மாணவர் தற்கொலையைத் தடுப்பதற்காக ஓய்வுபெற்ற நீதிபதி எஸ்.ரவீந்திர பட் தலைமையில் தேசியப் பணிக்குழுவை அமைத்தது. அதே ஆண்டு ஜூலையில், நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் நிறுவனங்களில் தகுதியுள்ள ஆலோசகர் இருக்க வேண்டும் என்பது உட்பட வழிகாட்டுதல்களைக் கொடுத்தது. இவற்றைக் கடிதத்தின் முதல் பத்தியிலேயே எழுதுங்கள். குற்றம் கண்டுபிடிக்க வந்தவர் என்ற பார்வை கொஞ்சம் மாறும்.

எங்கள் பல்கலைக்கழகத்தில் மனிதர்களிடம் நடத்தும் ஆய்வுகளுக்கென்று நெறிமுறைக் குழு இல்லை. ஒரு மருத்துவக் கல்லூரியின் குழுவுக்கு 5,000 ரூபாய் கட்டி விண்ணப்பித்தேன். அது மூன்று மாதத்துக்கு ஒரு முறைதான் கூடும். என் விண்ணப்பத்தில் 'பங்கேற்பாளர் மன உளைச்சல் அடைந்தால் ஆலோசனைக்கு அனுப்பப்படுவார்' என்று ஒரு வரி எழுதியிருந்தேன். குழுவில் இருந்த மூத்த மருத்துவர் ஒருவர், வெள்ளை முடி, கையில் பென்சில், அந்த வரியின் கீழ் கோடு போட்டுவிட்டுக் கேட்டார். "யாரிடம் அனுப்புவீர்கள்?" ஆலோசகரிடம் என்றேன். "பெயர்?" தெரியவில்லை. "ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டு மணிக்கு ஒரு மாணவன் உங்களை அழைத்தால்?" நான் பேசாமல் நின்றேன். விண்ணப்பம் திரும்பி வந்தது, அடுத்த கூட்டத்துக்கு மூன்று மாதம் காத்திருந்தேன். அன்று வீட்டுக்கு வரும் பஸ்ஸில் அவமானமாக இருந்தது, அவர் மீது கோபமும் வந்தது. இந்த நான்கு ஆண்டுகளில் எனக்கு யாராவது செய்த ஆகப்பெரிய உதவி அந்தக் கேள்விதான் என்பது பின்னால்தான் புரிந்தது.

ஆகவே, கேள்வி தயாரிப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள். நீங்கள் போகும் ஊரில் இருக்கும் மனநல மருத்துவர் ஒருவரை நேரில் பார்த்து, நான் அனுப்பினால் பார்ப்பீர்களா, எந்த நாளில், எத்தனை மணிக்கு, கட்டணம் யார் கொடுப்பது என்று பேசி எழுதி வாங்குங்கள். அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு எந்த அறையில் இருக்கிறது என்று நீங்களே ஒரு முறை நடந்து போய்ப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண், நாள் முழுவதும் கட்டணமின்றிக் கிடைக்கும், தமிழில் பேசலாம். சென்னையில் 1986 முதல் இயங்கும் சிநேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பின் எண் 044-24640050. இரண்டு எண்களையும் அச்சடித்துக் கொடுப்பதற்கு முன் நீங்களே அழைத்துப் பாருங்கள். ஆயிரம் அட்டைகள் அடிக்க எனக்கு 1,400 ரூபாய் ஆயிற்று. மொத்தச் செலவில் மனம் ஒப்பிச் செய்த செலவு அது ஒன்றுதான்.

மொழியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்விப் படிவம் ஒன்று உலகம் முழுவதும் பயன்படுகிறது. அதன் ஒன்பதாவது கேள்வி, கடந்த இரண்டு வாரங்களில் இறந்துவிட்டால் நல்லது என்றோ தன்னைத் துன்புறுத்திக்கொள்ளலாம் என்றோ தோன்றியதா என்று கேட்கிறது. நான் அதை எளிமையாக்குவதாக நினைத்து, 'செத்துப் போய்விடலாம் போல் இருந்ததா' என்று எழுதினேன். முன்னோட்டத்தில் நாற்பது பேரில் பதினேழு பேர் ஆம் என்று குறித்தார்கள். கை நடுங்கிவிட்டது. உட்கார்ந்து பேசியபோதுதான் தெரிந்தது, அரியர் தேர்வுக்குப் படித்து அலுத்தவர்களும், வெயிலில் பஸ்ஸுக்கு நின்றவர்களும்கூட அப்படிக் குறித்திருந்தார்கள். தமிழில் அலுப்பையும் அப்படித்தான் சொல்கிறோம். ஆனால் அந்தப் பதினேழு பேரில் இரண்டு பேர் அலுப்பால் சொல்லவில்லை. அதனால்தான் சொல்கிறேன், வாய்ச்சொல் என்று ஒதுக்கவும் கூடாது, அப்படியே எண்ணி எழுதவும் கூடாது. ஒரு சொல்லுக்கு எதிரில் பத்துப் பேரை உட்காரவைத்து, நீங்கள் என்ன நினைத்து இதைக் குறித்தீர்கள் என்று கேட்டுவிட்டுப் படிவத்தை அச்சுக்குக் கொடுங்கள். முதல் அச்சு முழுவதும் எனக்கு வீண், 6,200 ரூபாய்.

இனி அந்த இரவைப் பற்றி. வசதியாக இருக்கும் என்று படிவத்தைக் கூகுள் ஃபார்மிலும் போட்டிருந்தேன். பெயர் வேண்டாம், மின்னஞ்சல் வேண்டாம், அப்போதுதான் உண்மையைச் சொல்வார்கள் என்று எல்லாவற்றையும் நீக்கியிருந்தேன். ஒரு நள்ளிரவு, 2.40 மணிக்கு, ஒரு படிவம் வந்தது. ஒன்பதாவது கேள்விக்கு 'ஏறக்குறைய தினமும்' என்ற பதில். கடைசியில் 'வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா' என்ற கட்டத்தில் ஒரே வரி: 'கேட்டதற்கு நன்றி.' காலையில் எழுந்து பார்த்தேன். யார் என்று தெரியாது. எந்தக் கல்லூரி என்றுகூடத் தெரியாது, மூன்று கல்லூரிகளுக்கு ஒரே இணைப்பை அனுப்பியிருந்தேன். ஒருவர் என் கையைப் பிடித்திருக்கிறார், அந்தக் கை யாருடையது என்று தெரியாதபடி நானே எல்லா வழிகளையும் அடைத்து வைத்திருந்தேன்.

அன்றே மூன்று கல்லூரிகளுக்கும் போனேன். வகுப்பு வகுப்பாக ஏறி, யாரையும் குறிப்பிடாமல், "படிவத்தில் மனதில் இருப்பதை எழுதிய எல்லோருக்கும் நன்றி, நேரில் பேச விரும்பினால் இன்று மாலை வரை நூலகத்தின் பின்பக்கம் இருப்பேன்" என்று சொல்லி அட்டைகளைக் கொடுத்தேன். மூன்றாவது கல்லூரிக்குப் போய்ச் சேர்வதற்குள் மணி நான்கு. இரண்டு பேர் வந்தார்கள். அந்தப் படிவத்தை எழுதியவர் அவர்களில் ஒருவரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. அதன் பிறகு மூன்று மாற்றங்கள் செய்தேன். இணையப் படிவத்தை நிறுத்தி, பகலில், நான் அங்கே இருக்கும்போது, காகிதத்தில் மட்டும் நிரப்ப வைத்தேன். படிவத்தோடு கிழித்துத் தனியே போடும் ஒரு சீட்டை இணைத்தேன். யாராவது என்னை அழைக்க வேண்டும் என்று விரும்பினால் அதில் எண்ணை எழுதலாம். ஒப்புதல் படிவத்தின் முதல் பக்கத்திலேயே, நீங்கள் சொல்வதை யாரிடமும் சொல்ல மாட்டேன், உங்கள் உயிருக்கு ஆபத்து என்று எனக்குத் தோன்றினால் மட்டும் உங்களிடம் சொல்லிவிட்டு மருத்துவரிடம் பேசுவேன் என்று எழுதினேன். இதனால் சிலர் விலகினார்கள். விலகட்டும். முன்னூறு படிவத்துக்குப் பதில் இருநூற்று நாற்பது கிடைத்தது, ஆனால் இரவில் நான் தூங்கினேன்.

மாணவர்களும் குடும்பங்களும் பயந்தது போலீஸுக்கு. தற்கொலைக்கு முயன்றவர், வேறுவிதமாக நிரூபிக்கப்படாத வரை, கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதப்பட வேண்டும், அவரை இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவில் தண்டிக்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 115-ஆம் பிரிவில், ஏற்கெனவே சொல்லிவிட்டது. அந்தத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்த 309-ஆம் பிரிவே இல்லை. அரசு ஊழியரைக் கட்டாயப்படுத்தும் நோக்கத்தோடு முயன்றால் மட்டும் குற்றம் என்று வேறொரு பிரிவு இருக்கிறது. இதை நான் எத்தனை வீட்டுத் திண்ணைகளில் உட்கார்ந்து விளக்கியிருப்பேன் என்று கணக்கில்லை. வழக்கு நடந்துகொண்டிருக்கும் வீடுகளுக்கு மட்டும் நான் போகவில்லை. நான் போனதால் யாருடைய வழக்கும் கெடக் கூடாது என்று எனக்கு நானே போட்டுக்கொண்ட கட்டுப்பாடு அது.

பிள்ளையை இழந்த குடும்பங்களைச் சந்திப்பது ஆய்வின் இரண்டாம் பகுதி. இறந்தவரை அறிந்தவர்களோடு பேசி, அவருடைய கடைசி மாதங்களைப் புரிந்துகொள்ளும் முறை 1950-களின் இறுதியில் லாஸ் ஏஞ்சல்ஸில் உருவானது. புத்தகத்தில் படிக்கும்போது அது ஒரு முறை, அவ்வளவுதான். விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு வீட்டில் அது வேறாக இருந்தது. நான் போன நாள், முதல் வருடத் திதிக்கு இரண்டு நாள் முன்பு. எனக்கு அது தெரியாது. அந்தத் தேதியைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. அந்த அம்மா என்னைத் திருப்பி அனுப்பவில்லை. மோர் கொடுத்தார். மூலையில் ஒரு நீல நிறப் பை இருந்தது, விடுதியிலிருந்து கொடுத்தனுப்பியது, ஜிப் திறக்கப்படவே இல்லை. அதன் கைப்பிடியில் அறை எண் எழுதிய அட்டை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. பையின் மேல் கல்லூரியிலிருந்து வந்த ஒரு கடிதம், மெஸ் பாக்கி 2,340 ரூபாய் கட்ட வேண்டும் என்று. பிள்ளை இறந்த பிறகு வந்த கடிதம்.

என் வினாப்பட்டியலின் முதல் கேள்வி, 'அவர் ஏன் இந்த முடிவை எடுத்தார் என்று நினைக்கிறீர்கள்?' அந்த வீட்டில் அதைக் கேட்க என் வாய் வரவில்லை. ஒரு தாயிடம் ஏன் என்று கேட்பது, நீ ஏன் கவனிக்கவில்லை என்று கேட்பதுதான். தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, "தம்பியைப் பற்றிச் சொல்லுங்கள் அம்மா" என்றேன். மூன்று மணி நேரம் பேசினார். குடும்பத்தில் முதன்முதலில் கல்லூரிக்குப் போனவன். உதவித்தொகை வரத் தாமதமானது, வகுப்பில் ஆங்கிலம் புரியாமல் வாயை மூடிக்கொண்டிருந்தது, அரியர் நான்கானது, ஊருக்கு வருவதைக் குறைத்துக்கொண்டது எல்லாம் அந்தப் பேச்சில் வந்தன. எந்த ஒன்றையும் காரணம் என்று அவர் சொல்லவில்லை. கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவன் சாப்பிட்டானா என்று அங்கே யாராவது ஒருத்தர் கேட்டிருப்பார்களா, கண்ணு?" என்றார். என் ஆய்வேட்டில் 280 பக்கங்கள் இருக்கின்றன. அந்தக் கேள்விக்கு ஒரு பக்கத்திலும் பதில் இல்லை.

குடும்பங்களைச் சந்திக்கப் போகிறவர்கள் தேதிகளை முன்கூட்டியே கேளுங்கள். திதி, பிறந்தநாள், பொங்கல், தேர்வு முடிவு வரும் வாரம், இவற்றைத் தவிருங்கள். உறவினர் ஒருவர் மூலம் முதலில் கடிதம் அனுப்புங்கள், வாசலில் போய் நிற்காதீர்கள். ஒரே நாளில் இரண்டு வீடுகளுக்குப் போகாதீர்கள். பஸ் செலவை மிச்சப்படுத்துவதற்காக நான் அப்படி ஒரு முறை போனேன். இரண்டாவது வீட்டில் ஒரு தகப்பனார் பேசியது எதுவும் என் காதில் ஏறவில்லை. அவருக்கு நான் செய்த துரோகமாகவே அதை இன்றும் நினைக்கிறேன். பேசி முடித்த மூன்றாம் நாள் ஒரு போன் செய்யுங்கள், எதையும் கேட்பதற்காக இல்லை. இதற்கென்று தனி சிம் வாங்குங்கள். என் சொந்த எண்ணைக் கொடுத்துவிட்டு, போன் அடிக்கும்போதெல்லாம் நெஞ்சு படபடத்த மாதங்கள் உண்டு, பிறகுதான் தனி சிம் வாங்கினேன்.

ஒலிப்பதிவுகளை எழுத்தாக்கும் வேலையைப் பற்றி எந்த ஆய்வுமுறை வகுப்பிலும் எச்சரிக்கவில்லை. ஒரு மணி நேரப் பேச்சை எழுத ஆறு மணி நேரம் ஆகும். ஒரே அழுகையைப் பத்து முறை பின்னால் ஓட்டிக் கேட்க வேண்டும். பகலில் கல்லூரி வேலை, இரவு பதினொரு மணிக்கு மேல் காதில் இயர்போனோடு அதைச் செய்தேன். சிலவற்றைத் தட்டச்சு தெரிந்த ஒரு பெண்ணிடம் பணம் கொடுத்து ஒப்படைத்தேன். நான்காவது நாள் அவள் அழுதுகொண்டே பென்டிரைவைத் திருப்பிக் கொடுத்தாள். அவளுடைய அண்ணனை அப்படி இழந்திருக்கிறாள். நான் கேட்கவே இல்லை. யாரிடம் கொடுத்தாலும் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிவிட்டு, வேண்டாம் என்று சொல்ல இடம் கொடுத்துவிட்டுக் கொடுங்கள். நீங்களே செய்தால் பகலில், ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம்.

என் நெறியாளர் நல்லவர், ஆனால் அவரிடம் சொன்னபோது "தைரியமாக இரு" என்று மட்டும் சொன்னார். 2023 ஆகஸ்டில் எனக்குத் தூக்கமும் பசியும் போய்விட்டன. பஸ்ஸில் கல்லூரிப் பிள்ளைகள் சிரித்தால்கூட எனக்குக் கண்ணீர் வந்தது. இந்த நிலையில் உள்ளவர்களுக்கு உதவும் வழிகளை அச்சடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தவள் நான், என் கைப்பையில் முந்நூறு அட்டைகள் இருந்தன, அந்த எண்ணை நானும் அழைக்கலாம் என்று தோன்ற ஐந்து வாரம் ஆயிற்று. ஒரு இரவு அழைத்தேன். பிறகு ஒரு உளவியலாளரிடம் ஆறு முறை போனேன், ஒரு முறைக்கு 900 ரூபாய். அந்த 5,400 ரூபாயை ஆய்வின் திட்டச் செலவிலேயே முதலில் எழுதியிருக்க வேண்டும். இந்தத் தலைப்பை எடுக்கிறவர்கள் மாதம் ஒரு முறை பேச ஒரு ஆளை முதல் நாளே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். அவர் உங்கள் நெறியாளராக இருக்க வேண்டாம், அவர் உங்களுக்கு மதிப்பெண் போட வேண்டியவர்.

எழுதும்போது பெயரை மாற்றினால் அடையாளம் மறைந்துவிடும் என்று நினைத்தேன். நம் ஊரில் மாவட்டம், துறை, ஆண்டு, சாதி நான்கையும் சொன்னால் டீக்கடையில் இருப்பவர்கூட யார் என்று சொல்லிவிடுவார். நான் மிகவும் நேசித்து எழுதிய அத்தியாயம் ஒன்று, நாற்பது பக்கம், ஒரே மாணவியைப் பற்றியது. அவளுடைய அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "ஊரில் தெரிந்துவிடும் அம்மா" என்றார். எடுத்துவிட்டேன். ஆய்வேட்டின் பலமே அதுதான் என்று நெறியாளர் வாதாடினார், ஆறு மாதம் தள்ளிப்போயிற்று. ஒரு பத்திரிகையாளரும் அந்தக் கதையைக் கேட்டு இரண்டு முறை அழைத்தார். கொடுக்கவில்லை. 'விபரீத முடிவு', 'கோழைத்தனம்' போன்ற சொற்களையும், இறந்த விதத்தைப் பற்றிய வரிகளையும் ஆய்வேடு முழுவதும் தேடித் தேடி நீக்கினேன். அந்த வேலைக்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள்.

போன தை மாதம் விழுப்புரத்து அம்மா அந்தத் தனி சிம்முக்கு அழைத்தார். பையைத் திறந்துவிட்டதாகச் சொன்னார். உள்ளே இரண்டு சட்டை, ஒரு பூட்டு, சேரும்போது கட்டிய காஷன் டெபாசிட்டுக்கான ரசீது, 5,000 ரூபாய். மெஸ் பாக்கியை அதில் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுப்பார்களா என்று கேட்டார். மறுநாள் போய் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன், ரசீதின் நகலை இணைத்தேன், அவர் கையெழுத்துப் போட்டார். தபாலில் அனுப்பியிருக்கிறோம். ஒப்புகை அட்டை வந்துவிட்டது, பணம் இன்னும் வரவில்லை. அடுத்த வாரம் நானே நேரில் போகிறேன்.